மிகுபுனைவில் உறையும் சமயக் குறியீடுகள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

0. முன்னுரை

சமய நூலை மொழிபெயர்ப்பவர் தம் கையிலிருப்பது சமய நூல் என்பதை அறிந்தே பணியைத் தொடங்குகிறார். அதற்குரிய கலைச்சொற்கள், மரபுத்தொடர்கள், முன்னோர் மொழிபெயர்ப்புகள் ஆகியன அவருக்குத் துணை நிற்கின்றன. சிறுவர்க்கான கதை என்றோ, பொழுதுபோக்குப் புதினம் என்றோ எண்ணி ஒரு நூலைக் கையில் எடுப்பவருக்கு அத்தகைய முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மிகுபுனைவுகளுள் மிகப் பெரிய வாசகப் பரப்பைப் பெற்ற பல நூல்கள் கிறித்தவ விவிலியத்தின் சொற்களையும் நிகழ்ச்சிகளையும் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. வியத்தகு உலகொன்றைப் படைத்து, அவ்வுலகின் நெறிகளுக்கு உட்பட்டுக் கதை கூறும் புனைகதை வகையே ஈண்டு மிகுபுனைவு எனப்படுகிறது.

இவ்வகைக் கதைகளில் சமயக் குறியீடுகள் எவ்வெவ்வாறு அமைகின்றன, அவற்றை இனங்காண்பதற்குரிய அளவுகோல்கள் யாவை, தமிழில் பெயர்க்கும்போது எழும் மொழியியற் சிக்கல்கள் எவை என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சி. எஸ். லூயிஸ் (1898-1963), ஜே. ஆர். ஆர். டோல்கியன் (1892-1973), பிலிப் புல்மன், ஜே. கே. ரௌலிங் ஆகிய நால்வரின் ஆக்கங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. உருவகக் கதையும் உள்ளுறையும்

சமயக் கருத்தைக் கதையாக்கும் முறைகளுள் தமிழுலகம் நன்கறிந்தது தொடர் உருவகமாகும். ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' (1678) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. இவ்வகைக் கதையில் ஒவ்வொரு மாந்தரும் இடமும் ஒரு கருத்தின் நேரடிப் பெயராகவே வருவதால், குறியீட்டைக் கண்டறிய வாசகர் முயல வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளரும் கருத்தைப் பெயர்த்தால் பெயரைப் பெயர்த்தவராகிறார்.

மிகுபுனைவின் நிலை வேறு. டோல்கியன் தம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், தொடர் உருவகத்தின்பால் தமக்குள்ள வெறுப்பை வெளிப்படையாகவே கூறியுள்ளார். ஆசிரியர் ஒரு பொருளை வாசகர்மீது சுமத்துவது உருவகம். வாசகர் தம் அறிவுக்கும் பட்டறிவுக்கும் ஏற்பப் பொருத்திக் காண இடந்தருவது பொருத்தப்பாடு என அவர் வேறுபடுத்துகிறார். லூயிஸும் தம் நார்னியாக் கதைகள் உருவகம் அல்ல என்று மறுத்துள்ளார். பேசும் விலங்குகள் வாழும் உலகொன்று இருந்து, அங்கும் இறைமகன் தோன்றியிருப்பின் அவர் எவ்வடிவில் தோன்றியிருப்பார் எனும் கருதுகோளின் விளைவே அக்கதைகள் என்பது அவர்தம் விளக்கம்.

இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கவிதையியலின் துணைகொண்டு மேலும் தெளிவாக உணரலாம். வெளிப்படையாகக் கூறப்பெறும் கருப்பொருட் செய்தியினூடே, கூறப்பெறாத மற்றொரு பொருள் ஒத்து முடிவதனைத் தொல்காப்பியம் உள்ளுறை எனக் குறிக்கும். அவ்வுள்ளுறைக்கு நிலைக்களனாக அமையும் கருப்பொருள்களினின்று தெய்வத்தை நீக்கிவிடுவது அந்நூலின் கோட்பாடு. விலங்கும் பறவையும் மரமும் நீரும் உள்ளுறையைச் சுமக்கலாம். தெய்வம் சுமத்தல் ஆகாது.

டோல்கியன் 1953ஆம் ஆண்டு டிசம்பரில் இராபர்ட் மரே எனும் குருவானவருக்கு எழுதிய கடிதத்தில் இதனை ஒத்த கருத்தொன்று காணப்படுகிறது. தம் நூல் அடிப்படையில் சமயச் சார்பான, கத்தோலிக்க ஆக்கம் என்றும், முதலில் தம்மை அறியாமலும் திருத்தும்போது அறிந்தும் அவ்வாறு அமைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். அக்காரணத்தாலேயே வழிபாடு, சடங்கு முதலிய சமயச் செய்திகளை ஏறத்தாழ முற்றிலும் கதையினின்று நீக்கிவிட்டதாகவும், சமயக் கூறு கதையிலும் குறியீட்டிலும் கரைந்து நிற்பதாகவும் அவர் விளக்குகிறார். தெய்வம் பெயர் சுட்டப்படாத இடத்திலேதான் உள்ளுறை உயிர்பெறும் என்பது இரண்டிற்கும் பொதுவான உண்மையாகும். பண்டைத் தமிழ் அகப்பாடலுக்கும் இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் விளக்கக் கருவி என்ற அளவில் 'உள்ளுறை' எனும் சொல் 'உருவகம்' என்பதைவிட இங்குப் பொருத்தமானது எனலாம்.

2. இனங்காணும் அளவுகோல்கள்

இறந்து மீளும் தலைவன், தீமையை எதிர்க்கும் எளியவன், உலகைக் காக்கத் தன்னை இழக்கும் நண்பன் ஆகிய கதைக்கூறுகள் பல நாட்டுத் தொன்மங்களிலும் உள்ளன. ஜேம்ஸ் பிரேசரின் 'கோல்டன் பாவ்' (1890) இறந்தெழும் தெய்வம் பற்றிய செய்திகளைப் பல பண்பாடுகளிலிருந்து திரட்டியது. ஆதலின் இறந்து மீளும் மாந்தர் அனைவரையும் கிறிஸ்துவின் குறியீடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. மூன்று அளவுகோல்களைக் கொண்டு இதனை வரையறுக்கலாம்.

முதலாவது, ஆசிரியர் கூற்று. கடிதம், முன்னுரை, நேர்காணல் ஆகியவற்றில் ஆசிரியர் தாமே கூறியன இதில் அடங்கும். இரண்டாவது, நிகழ்ச்சி அமைப்பு. ஒரு நிகழ்ச்சி மட்டுமன்றி நிகழ்ச்சிகளின் வரிசையும் விவிலியத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, சொல் எதிரொலி. மூலத்தின் குறிப்பிட்ட சொல்லோ தொடரோ விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை நினைவூட்டுதல் வேண்டும்.

இவற்றுள் முதலிரண்டும் திறனாய்வாளர்க்குப் போதுமானவை. மொழிபெயர்ப்பாளருக்கு மூன்றாவதே இன்றியமையாதது. நிகழ்ச்சி அமைப்பு எம்மொழிக்குச் சென்றாலும் பெரும்பாலும் குலையாது. சொல் எதிரொலியோ மொழிபெயர்ப்பாளர் அறியாதவிடத்து ஒரே சொல்லில் அழிந்துவிடும்.

3. அஸ்லான்: சிங்கமும் பெயர்ப்பதிலியும்

நார்னியா வரிசையின் முதல் நூல் 1950இலும் ஏழாம் நூல் 1956இலும் வெளிவந்தன. அவற்றின் மையப் பாத்திரமாகிய அஸ்லான் ஒரு சிங்கம். அப்பெயர் துருக்கி மொழியில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லே. திருவெளிப்பாட்டில் கிறிஸ்து யூதா குலத்துச் சிங்கம் எனப்படுவது இப்படைப்பின் அடிப்படை. முதல் நூலில் எட்மண்ட் எனும் சிறுவன் தன் உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் தனக்குரியது எனச் சூனியக்காரி உரிமை கோருகிறாள். அஸ்லான் அவனுக்கு ஈடாகக் கற்பலகைமீது கொல்லப்படுகிறான். இரவு முழுதும் சூசன், லூசி எனும் சிறுமியர் இருவர் அருகிருந்து அழுகின்றனர். விடியலில் கற்பலகை பிளக்க, அஸ்லான் உயிருடன் தோன்றுகிறான். காட்டிக்கொடுத்தல், ஈட்டுப்பலி, பெண்கள் சாட்சியாதல், விடியலில் உயிர்த்தல் என்னும் வரிசை நற்செய்தி நூல்களின் வரிசையோடு ஒத்துச் செல்வதால் இரண்டாம் அளவுகோல் ஐயமின்றி நிறைவெய்துகிறது.

தமிழில் இங்கு எழும் முதற் சிக்கல் இலக்கணம் சார்ந்தது. ஆங்கிலத்தில் அஸ்லானைக் குறிக்கும் படர்க்கைப் பெயர் ஆணைக் குறிப்பதன்றி உயர்வு தாழ்வு எதனையும் உணர்த்துவதில்லை. தமிழிலோ 'அது', 'அவன்', 'அவர்' என்ற மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'அது' எனின் அஃறிணை. 'அவர்' எனின் உயர்வு. வரப்போகும் அஸ்லானைப் பற்றி நீர்நாய் பேசும்போது அவன் மனிதனா என்று லூசி வினவுகிறாள். 'அவர்' என்று தொடங்கிய உரையாடலில் அவ்வினா வலுவிழக்கும். 'அது' என்று தொடங்கினால் வினாவே எழாது.

பேசும் விலங்கை உயர்திணையாற் கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. உவப்பு, உயர்வு முதலிய காரணங்களால் திணை மயங்கி வருதலை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. எனவே 'அவன்' எனக் கூறுவதற்கு இலக்கணத் தடையில்லை. இறைவனை ஒருமையில் நெருங்கிப் பேசும் பத்தி இலக்கிய மரபும் அதற்கு அரண் செய்கிறது. தமிழ்க் கிறித்தவ வழக்கிலோ இறைமகனைப் படர்க்கையில் 'அவர்' என்றும், முன்னிலையில் 'நீர்' என்றும் குறிப்பதே மரபு. 'நீர்' என்ற வடிவம் இன்றைய பொதுத்தமிழில் அருகி, வழிபாட்டு மொழியில் நிலைபெற்றிருப்பதால், அதனை ஒருமுறை கையாண்டாலே தேவாலயத் தமிழின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும்.

ஏழாம் நூலின் இறுதியில் அஸ்லான் சிங்கமாகத் தோன்றுதல் ஒழிகிறது. அவ்விடத்தில் லூயிஸ் படர்க்கைப் பெயரைப் பெரிய எழுத்தால் தொடங்குகிறார். ஆங்கிலத்தில் இறைவனைக் குறிக்கும் எழுத்து மரபு அது. ஏழு நூல்களின் உள்ளுறையும் ஓர் எழுத்தின் அளவில் வெளிப்படும் இடம் அது எனலாம். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து எனும் பாகுபாடு இல்லை. முதல் நூலிலேயே 'அவர்' எனத் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விடத்தில் உயர்த்துவதற்கு எஞ்சிய வடிவம் எதுவுமில்லை. 'அவன்' எனத் தொடங்கியவர் இறுதியில் 'அவர்' என மாற்றி அதே விளைவைப் பெறவியலும். வரிசையின் கடைசிப் பக்கத்தைப் படித்த பின்னரே முதற் பக்கத்தின் பெயர்ப்பதிலியை முடிவு செய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகிறது.

சிங்கம் என்ற குறியீடு தமிழ் வாசகரிடம் வேறு தொடர்புகளையும் எழுப்பும். கொற்றவையின் ஊர்தி, நரசிங்க அவதாரம், அரியணை ஆகியன நினைவுக்கு வருதல் இயல்பு. இவற்றை மொழிபெயர்ப்பாளர் தடுக்க இயலாது; தடுக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் அஸ்லானின் வருகையை 'அவதாரம்' என்று பெயர்ப்பது, மூலத்தில் இல்லாத ஒரு சமயக் கோட்பாட்டை உட்புகுத்துவதாகும். அவதாரம் பலமுறை நிகழக்கூடியது. கிறித்தவக் கோட்பாட்டில் மனிதவுருவெடுத்தல் ஒரே முறை நிகழ்ந்தது.

இதுபோன்றே 'ஆதாமின் மைந்தர்', 'ஏவாளின் மகளிர்' என்று நார்னிய விலங்குகள் மனிதப் பிள்ளைகளை அழைக்கும் தொடர்களையும் கருதலாம். 'மனித குலத்தோர்' எனப் பொதுவாகப் பெயர்ப்பின் ஆதியாகமக் குறிப்பு மறையும். 'மனுபுத்திரர்' எனப் பெயர்ப்பின் வேறொரு தொன்மத்தின் முதல் மனிதன் கதைக்குள் வந்துவிடுவான். ஆதாம், ஏவாள் ஆகிய பெயர்வடிவங்கள் தமிழில் நெடுநாள் வேரூன்றியவை. அவற்றை அவ்வாறே ஆளுதல் தகும்.

எட்மண்ட் மயங்கி ஏமாறக் காரணமான தின்பண்டம் 'டர்க்கிஷ் டிலைட்' எனப்படும் துருக்கி மிட்டாய். உண்பொருளால் வீழ்தல் ஏதேன் தோட்டத்து நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. இதனை 'அல்வா' எனப் பெயர்த்தால், அல்வா கொடுத்தல் என்றால் ஏமாற்றுதல் எனும் பேச்சுவழக்குப் பொருளும் உடன் வரும். கதைக்கு அது தற்செயலாகப் பொருந்தினும், அவலமான காட்சியில் நகைச்சுவை நுழைவதால் மூலத்தின் தொனி கெடுகிறது.

4. டோல்கியன்: நாளும் உணவும் இரக்கமும்

லூயிஸின் நிகழ்ச்சிகள் வெளிப்படையானவை, டோல்கியனுடையவை மறைவானவை. மோதிரத்தை அழிக்கப் புறப்படும் குழுவினர் ரிவெண்டெல்லை விட்டு நீங்கும் நாள் டிசம்பர் 25 என்பது நூலின் பிற்சேர்க்கையிலுள்ள கால அட்டவணையால் அறியப்படுகிறது. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. முன்னது கிறிஸ்து பிறப்பு நாள். பின்னது வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை கூறிய நாள். இடைக்கால ஐரோப்பிய மரபில் கிறிஸ்து சிலுவையில் உயிர்நீத்த நாளாகவும் கருதப்பட்டது. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாளும் அதுவே. கோண்டோர் நாட்டில் இனிப் புத்தாண்டு அந்நாளிலேயே தொடங்கும் எனக் கதையில் அறிவிக்கப்படுகிறது. டாம் ஷிப்பி தம் 'தி ரோடு டு மிடில்-எர்த்' (1982) நூலில் இந்நாட்பொருத்தத்தை விளக்கியுள்ளார்.

தமிழ் வாசகர்க்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று இந்நாள்களை மார்கழி, பங்குனி எனத் தமிழ் மாதங்களுக்கு மாற்றும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலேயே இக்குறியீட்டை முழுவதும் நீக்கிவிடுகிறார். நாள் குறிப்பு என்பது வெறும் எண் எனக் கருதுவதன் விளைவு இது.

அடுத்தது லெம்பாஸ் எனும் உணவு. நெடும்பயணத்திற்கென எல்வ் இனத்தார் அளிக்கும் மெல்லிய அப்பம் அது. பிற உணவு ஏதுமின்றி அதனை மட்டுமே நம்பி வாழும்போது அதன் ஆற்றல் மிகும் எனவும், உடலுக்கன்றி மனவுறுதிக்கும் அது ஊட்டமளிக்கும் எனவும் கதை கூறும். கத்தோலிக்க மரபில் இறக்கும் தறுவாயில் இருப்போர்க்கு வழங்கப்படும் நற்கருணை, இலத்தீன் மொழியில் 'வியாத்திகும்' எனப்படும். வழிக்கான உணவு என்பது அச்சொல்லின் பொருள். இவ்வொப்புமையைத் திறனாய்வாளர் சுட்டியபோது டோல்கியன் மறுக்கவில்லை. லெம்பாஸுக்குச் சமயம் சார்ந்த உட்பொருள் உண்டு என அவரே எழுதியுள்ளார்.

ஆங்கிலத்தில் இவ்வுணவுக்கு 'வழி', 'அப்பம்' என்ற இரு சொற்களைச் சேர்த்து ஒரு தொகைச்சொல் அமைக்கப்பட்டுள்ளது. தமிழில் 'கட்டுச்சோறு' எனின் உட்பொருள் போய்விடும். 'நற்கருணை' எனின் உள்ளுறை வெளிப்படையாகிவிடும். 'பழமொழி நானூறு' இதற்கொரு சொல்லைப் பாதுகாத்து வைத்துள்ளது. வழிச்செல்வோர் கொண்டுசெல்லும் உணவு அங்கு 'ஆற்றுணா' எனப்படுகிறது. ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. இலத்தீன் சொல்லும் டோல்கியனின் ஆங்கிலத் தொகையும் தமிழ்ச் சொல்லும் ஒரே பொருளடிப்படையில் பிறந்தவை. எல்வ் மொழிச் சொல்லாகிய லெம்பாஸை மாற்றாமல் விட்டு, ஆங்கிலத் தொகைச்சொல் வருமிடத்தில் 'ஆற்றுணா' என ஆளுதல் தக்கது. மொழிபெயர்ப்பாளர்க்கென டோல்கியன் எழுதி, 1975இல் அச்சான பெயர்க்குறிப்பு நூலின் நெறியும் இதனை ஒத்ததே. ஆங்கிலச் சொற்களால் ஆன பெயர்களைப் பொருள் நோக்கிப் பெயர்க்கவும், ஏனைய மொழிப் பெயர்களை அவ்வாறே விட்டுவிடவும் அந்நூல் அறிவுறுத்துகிறது. டச்சு, சுவீடிஷ் மொழிபெயர்ப்புகளில் பெயர்கள் கையாளப்பட்ட விதத்தில் ஏற்பட்ட மனக்குறையே அதனை எழுதத் தூண்டியது.

மூன்றாவது, இரக்கம். கதையின் தொடக்கத்தில், பில்போ தன் கைக்குள் அகப்பட்ட கோலமைக் கொல்லாது விட்டதற்குக் காரணம் இரக்கமே எனக் கேண்டால்ப் கூறுகிறார். முடிவில், மோதிரத்தை அழிக்க வேண்டிய புரோடோ அவ்விடத்தில் வலுவிழந்து அதனைத் தனதென உரிமை கொண்டாடுகிறான். கோலம் அதனைப் பறித்து நெருப்பில் வீழ்வதால் உலகு காக்கப்படுகிறது. வீரத்தால் அன்றி, முன்னர்க் காட்டிய இரக்கத்தால் விளைந்த வெற்றி இது. இயேசு கற்பித்த இறைவேண்டலில் வரும் மன்னிப்பு, சோதனை பற்றிய வேண்டுதல்களோடு இணைத்து இம்முடிவை டோல்கியன் 1956இல் எழுதிய கடிதமொன்றில் விளக்கினார்.

இவ்வுள்ளுறையின் தாங்குதூண் ஒரே சொல். ஓரிடத்தில் 'பரிதாபம்', மற்றோரிடத்தில் 'கருணை', பிறிதோரிடத்தில் 'அனுதாபம்' என நடையழகு கருதி மாற்றி எழுதினால், முதற்பகுதிக்கும் இறுதிக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடும். 'இரக்கம்' என்ற சொல் பழைய, புதிய தமிழ் விவிலியங்கள் இரண்டிலும் உள்ளது, பொதுத்தமிழிலும் வழங்குகிறது. எங்கும் அதனையே ஆளுதல் வேண்டும். மோதிரம் விளைக்கும் மயக்கத்தைக் குறிக்கும் முதன்மையான இடங்களில் 'சோதனை' எனும் சொல்லும் அவ்வாறே பயன்படும்.

பாத்திரங்களை விவிலிய மாந்தரோடு நேர்ப்படுத்துதல் டோல்கியனிடம் பொருந்தாது என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கேண்டால்ப் இறந்து மீள்வதால் கிறிஸ்துவோடு ஒப்பிடப்படுவதுண்டு. ஆசிரியரோ அவரை உடலெடுத்த வானதூதர் போன்றவர் என்றே விளக்கினார். கலாத்ரியல் எனும் அரசியின் படைப்பு மரியாள் பற்றிய கிறித்தவக் கற்பனைக்குக் கடன்பட்டது என்று ஒப்புக்கொண்ட அவர், அவள் தன் பிழைக்காக வருந்தியவள் என்னும் வேறுபாட்டையும் சுட்டினார்.

5. எதிர்நிலைக் குறியீடு: புல்மன்

சமயக் குறியீட்டைக் கையாள்வோர் அனைவரும் சமயத்திற்கு ஆதரவாகவே எழுதுவர் என்பதில்லை. புல்மனின் முத்தொகுதி (1995, 1997, 2000) ஆதியாகமத்தின் வீழ்ச்சிக் கதையையும் மில்டனின் காப்பியத்தையும் தலைகீழாக்கிக் கூறுகிறது. அறிவைப் பெறுதல் அங்கு வீழ்ச்சியன்று, முதிர்ச்சி.

இக்கதையின் மையப்பொருளுக்குப் புல்மன் இட்ட பெயர் ஆங்கிலத்தில் தூசியைக் குறிக்கும் 'டஸ்ட்' எனும் சொல். வானிலிருந்து இறங்கி மனிதர்மீது படியும் நுண்துகள் அது. மனிதன் எதிலிருந்து எடுக்கப்பட்டானோ அதற்கே திரும்புவான் எனும் ஆதியாகமத் தொடரில் ஆங்கில விவிலியம் ஆளும் சொல்லும் அதுவே. முதல் நூலின் முடிவில் அவ்வசனம் வாசிக்கப்படுகிறது. அதன் மொழிபெயர்ப்புப் பற்றிய ஐயமும் கதைக்குள்ளேயே பேசப்படுகிறது. தமிழ் விவிலியங்களில் அவ்விடத்தில் உள்ள சொல் 'மண்'. 'தூசி' எனப் பெயர்த்தால் விவிலியத் தொடர்பு அறுகிறது. 'மண்' எனப் பெயர்த்தால் மிதந்து இறங்கும் துகள் எனும் இயற்பியற் பொருள் கெடுகிறது. ஆபிரகாம் தன்னைத் தாழ்த்திப் பேசுமிடத்தில் பழைய தமிழ் விவிலியம் 'தூள்' எனும் சொல்லைச் சாம்பலோடு இணைத்து ஆண்டுள்ளது. ஆனால் இன்றைய பேச்சுவழக்கில் அச்சொல் சிறப்பு எனும் பொருளிலும் வழங்குவதால் தயக்கம் எழுகிறது. 'மண்துகள்' எனும் தொகை இரு பொருளையும் ஓரளவு தாங்கும். முழு நிறைவு இங்கு இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, இழப்புக் குறைந்த வடிவைத் தேர்தலே வழி.

மனிதர் ஒவ்வொருவரோடும் விலங்கு வடிவில் உடன்வாழும் உயிர்க்கூற்றைப் புல்மன் 'டீமன்' என்கிறார். கிரேக்கத்தில் அச்சொல் மனிதர்க்கும் தெய்வத்திற்கும் இடைப்பட்ட ஆற்றலைக் குறித்தது. அதனடியாகப் பிறந்த சொல்லே புதிய ஏற்பாட்டில் தீய ஆவியைக் குறித்தது. தமிழ் விவிலியங்களில் அது 'பிசாசு' என்றும் 'பேய்' என்றும் பெயர்க்கப்பட்டது. சமயம் தீயதாக்கிய ஒன்றை மீண்டும் நல்லதாக்குவது புல்மனின் நோக்கம். 'பேய்' எனின் கதை குலையும். 'காவல் தெய்வம்' எனின் முரண் மறையும். எனவே மூலச்சொல்லை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் 'உடனுறை உயிர்' எனும் விளக்கத்தைக் கதையோட்டத்திலேயே சேர்ப்பது பொருந்தும்.

6. மேற்கோளும் விவிலிய மரபும்: ரௌலிங்

ரௌலிங்கின் ஏழு நூல்கள் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. இறுதி நூலில் இரு கல்லறைகளின்மீது விவிலிய வசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தையும், மற்றொன்று கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் பதினைந்தாம் அதிகாரத்தையும் சேர்ந்தவை. மூலம் எது என்று கதையில் கூறப்படவில்லை. மரணத்தை இறுதிப் பகையாகக் கூறும் தொடரைக் கதைத்தலைவன் தவறாகப் பொருள் கொண்டு அஞ்சுகிறான். தோழி அதன் பொருளை விளக்குகிறாள். இவ்விரு வசனங்களும் கதைவரிசையின் சாரத்தைச் சுட்டுவன என்று ஆசிரியர் 2007இல் கூறினார்.

இத்தகைய மேற்கோளை மொழிபெயர்ப்பாளர் தாமே புதிதாகப் பெயர்த்தல் கூடாது. ஆங்கில வாசகர் எதிரொலி கேட்பது, அச்சொற்கள் அவர்கள் முன்பே அறிந்த வடிவில் இருப்பதனாலேதான். ஆனால் தமிழில் எவ்வடிவம்? தரங்கம்பாடியில் சீகன்பால்கு வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து (1714-15) தமிழ் விவிலிய மரபு பலவாகக் கிளைத்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு 'பொக்கிஷம்', 'இருதயம்', 'சத்துரு', 'மரணம்' என்ற சொற்களை ஆளும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'செல்வம்', 'உள்ளம்', 'பகைவன்', 'சாவு' என்று அவற்றை மாற்றியது. இறைவனைக் குறிக்கும் சொல்லும் முன்னதில் 'தேவன்', பின்னதில் 'கடவுள்'.

கல்லறை எழுத்து என்பதால் பழமை தோன்றுதல் வேண்டும். அவ்வகையில் முன்னதன் வடிவம் பொருந்தும். ஒரே நூலினுள் இரு மரபுகளையும் கலத்தல் ஆகாது என்பதே இங்குப் பொதுவிதி.

7. வெளிப்படுத்தலும் மறைத்தலும்

மேற்கண்ட சான்றுகள் அனைத்தினும் ஒரு பொதுவினா அடங்கியுள்ளது. வாசகர்க்குக் குறியீட்டை உணர்த்துதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையா? இந்தியா போன்ற பல்சமய நாட்டில் இவ்வினா வெறும் நடையியல் வினா அன்று. தேவாலயத் தமிழ் மிகுந்தால் நூல் சமயப் பரப்புரை எனக் கருதப்பட்டுப் பெரும்பாலோரால் ஒதுக்கப்படலாம். அதற்கு அஞ்சிக் குறியீடுகளை முற்றிலும் களைந்தால், தாம் படிக்கும் கதையின் ஊற்று எது என்பதை அறியும் உரிமை வாசகர்க்கு மறுக்கப்படுகிறது. ஈரிடத்தும் இழப்பவர் வாசகரே.

மூலத்தில் குறியீடு எந்த அளவு வெளிப்படையோ, பெறுமொழியிலும் அந்த அளவே வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதே இதற்கு விடையாகும். நார்னியாவைப் படிக்கும் ஆங்கிலச் சிறுவர் பலர் அஸ்லான் யார் என அறியாமலே அக்கதையில் மகிழ்கின்றனர். வளர்ந்த பின்னர் உணர்வோரும் உண்டு. தமிழ்ச் சிறுவர்க்கும் அவ்விரு வாய்ப்பும் கிடைத்தல் வேண்டும். எனவே விளக்கக் குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் இடாது நூலின் இறுதியில் தனியே சேர்த்தல் நலம். கதை முடிந்த பின்னரும் தேடுவோர்க்கு அது பயன்படும்; தேடாதோரை அது இடைமறிக்காது.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு: மிகுபுனைவின் சமயக் குறியீடு பெரும்பாலும் உருவகமாக அன்றி உள்ளுறையாக அமைகிறது. அதனை இனங்காண்பதில் ஆசிரியர் கூற்று, நிகழ்ச்சி வரிசை, சொல் எதிரொலி ஆகிய மூன்றும் அளவுகோல்களாகின்றன. பெயர்ப்பதிலி, மரியாதை வடிவம், நாள் குறிப்பு, மீள வரும் ஒரே சொல் ஆகிய சிறு மொழிக்கூறுகளிலேயே குறியீடு மிகுதியும் தங்கியுள்ளது. அங்கேயே மிகுதியும் அழிகிறது. விவிலிய மேற்கோள்களுக்குத் தமிழில் நிலைபெற்ற வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்து, நூல் முழுதும் அதனையே பின்பற்றுதல் வேண்டும்.

வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் தொல்காப்பியம் எண்ணியது. வழிநூல் செய்வோன் முதல்நூலின் வழியை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மிகுபுனைவைப் பொறுத்தவரை அவ்வழி கதையின் மேற்பரப்பில் மட்டும் செல்வதில்லை என்பதை அறிந்தவரே அதன்வழி வாசகரை அழைத்துச் செல்லவியலும்.